பகைவர் குத்திய பதக்கம்

யுத்தத்தில் சண்டை போட்டவர்கள் பிற்காலத்தில் உட்கார்ந்து எழுதிய புத்தகங்களைப் படிக்கும் வழக்கம் உங்களுக்கு உண்டா? "நமக்கு எதற்கு ஐயா அந்த வம்பு? வீட்டில் தினந்தோறும் நடக்கிற யுத்தமே போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தப் புத்தகங்களிலே ஒரு ரகம் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துவிட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் கீழே வைக்க மனம் வராது. கடலுக்கு அடியிலே நீந்திச் சென்று, பகைவனுடைய கப்பலின் வயிற்றில் வெடிகுண்டைக் கட்டிவிட்டுத் திரும்பிய (அல்லது திரும்பாமலே போன) வீரர்களின் கதைகள்தான் அவை.

இவர்களுக்குத் "தவளை மனிதர்கள்" என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. அவர்களில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. கண்டிருந்தாலும் அவர்களுடைய பாஷை எனக்குப் புரிந்திராது. ஆயினும் புத்தகத்தின் மூலமாக ஏற்படுகிற சினேகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அந்த முறையிலே இவர்களில் இரண்டு மூன்று பேர் எனக்கு நெடுநாளைய நண்பர்கள். அந்த நண்பர்களை இந்த வாரம் உங்களுக்கும் அறிமுகம் செய்து வைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

* * *

1941-ம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ந் தேதி இரவு. எகிப்து தேசத்தில் அலெக்ஸாண்டிரியா துறைமுகம். பிரிட்டிஷ் கடற்படையின் இரண்டு பெரிய போர்க் கப்பல்கள், 'குயின் எலிசபெத்', 'வேலியண்ட்' இரண்டும், அங்கே நங்கூரம் பாய்ச்சி நின்றன. துறைமுகத்தின் வாயிலில் இரும்பு வலை. உள்ளே காவல் படகுகள். ஓர் ஈ நுழைய முடியாது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஈ நுழையவில்லை, பன்றி நுழைந்தது!

இத்தாலியர்கள் ஒரு விசித்திர வாகனம் செய்திருந்தார்கள். டார்பிடோ குண்டைப் போல நீளமாக இருக்கும். இரண்டு பேர் அதன்மேல் குதிரைச் சவாரி செய்வதுபோல முன்னும் பின்னுமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதன் மூக்கிலே சுமார் 300 கிலோ வெடிமருந்து. அது நகருகிற வேகமோ, நம் ஊர் மாட்டு வண்டி வேகந்தான். போதாக்குறைக்கு, அடிக்கடி மக்கர் செய்யும். ஆகையால் அதில் சவாரி செய்தவர்களே அதற்குப் "பன்றி" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். மகாவிஷ்ணு வராக அவதாரம் எடுத்துக் கடலுக்கு அடியிலிருந்து பூமியைத் தூக்கினார் என்று கேட்டிருக்கிறோம். இந்த வராகம் கப்பலைத் தூக்கக் கிளம்பியது!

'ஷிரே' என்ற நீர்மூழ்கிக் கப்பல், மூன்று பன்றிகளையும் ஆறு வீரர்களையும் துறைமுகத்துக்குச் சற்றுத் தூரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. திரும்ப அழைத்துக்கொள்ள அது காத்திருக்காது. வேலை முடிந்ததும் அவரவர் சாமர்த்தியம். ஆறு பேரும் வாயிலருகே வந்தபோது, பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் உள்ளே வருவதற்காக அந்த இரும்பு வலை திறந்தது. கல்யாண வீட்டில் சம்பந்தி கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து இலையில் உட்கார்ந்துவிடுகிற ஆசாமியைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி, கப்பல்களோடு கப்பல்களாக மூன்று பன்றிகளும் உள்ளே புகுந்துவிட்டன.

'வேலியண்ட்' கப்பலைத் தேடிப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் லூயிஜி துராந்த் டெ லா பென்னே. அப்போது வயது 27. மற்றவர் எமிலியோ பியாங்கி. கப்பலுக்கு அடியில் போய்ச் சேரும் சமயத்திலே எல்லா ஆபத்துகளும் ஒன்றாக வந்தன. பியாங்கிக்கு மூச்சு முட்டி, அவர் மேலே மிதந்து போய்விட்டார். பன்றியோ சேற்றில் படுத்துவிட்டது, யந்திரம் ஓடவில்லை. டிசம்பர் மாதக் குளிர். கும்மிருட்டு. டெ லா பென்னே ஒற்றை ஆளாக அந்தப் பாரத்தைச் சேற்றிலே அங்குலம் அங்குலமாகக் கையால் இழுத்துக்கொண்டு போனார். சுமார் 40 நிமிஷம் இழுத்தார். கப்பலின் அடிப்பாகம் தலையில் இடித்த பிறகுதான் நிறுத்தினார். காலை சுமார் 6 மணிக்கு வெடிக்கும்படி கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு மேலே வந்தார். வந்தவரைப் பிரிட்டிஷார் கண்டுபிடித்துவிட்டார்கள். பியாங்கியும் பக்கத்திலேயே ஒரு மிதவையைப் பற்றிக்கொண்டு இருந்தார். இரண்டு பேரும் கைதிகள்.

* * *

இனிமேல்தான் கதை.

'வேலியண்ட்' கப்பலின் காப்டன் பெயர் சார்லஸ் மார்கன். குண்டு எங்கே என்று கைதிகளைக் கேட்டார். பதில் இல்லை. "சரி, இவர்களைக் கப்பலின் அடித்தட்டில் அடைத்து வையுங்கள். உயிருக்குப் பயம் வந்தால் தானே வாய் திறப்பார்கள்" என்பது அவருடைய யோசனை. அடைத்த இடமோ, குண்டு இருந்த இடத்துக்கு வெகு சமீபம்! அது டெ லா பென்னேக்குத் தெரியும். மார்கனுக்குத் தெரியாது.

அந்த அறையில் நடந்ததைப் பற்றி டெ லா பென்னே பிற்பாடு தம் அறிக்கையில் சொல்லியிருக்கிறார். காவலுக்கு இருந்த மாலுமிகளின் முகம் வெளிறிப் போயிருந்ததாம். இருந்தாலும் அவர்கள் கைதிகளுக்குக் குடிக்க ரம்மும் பிடிக்கச் சிகரெட்டும் கொடுத்தார்களாம். பியாங்கி என்ன செய்தார் தெரியுமா? உட்கார்ந்தபடியே தூங்கிப் போய்விட்டார்! கும்பகர்ணன்கூட யுத்த களத்தில் தூங்கவில்லை. இவர் வெடிகுண்டின் தலைமாட்டிலேயே தூங்கினார். அவ்வளவு களைப்பு.

குண்டு வெடிக்கச் சுமார் 10 நிமிஷம் இருக்கும்போது, டெ லா பென்னே காப்டனைப் பார்க்க வேண்டும் என்றார். "உம்முடைய கப்பல் இன்னும் சற்று நேரத்தில் வெடிக்கப் போகிறது. உம்முடைய ஆட்களைக் காப்பாற்றிக்கொள்ளும்" என்று தெரிவித்தார். குண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று மார்கன் மறுபடியும் கேட்டார். அதற்கு மட்டும் பதில் இல்லை. "அப்படியானால் இவரைப் பழையபடி கீழேயே கொண்டு போங்கள்" என்று உத்தரவிட்டார் காப்டன். தம் ஆட்கள் எல்லாரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னார்.

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இடத்தைச் சொல்லிவிட்டால் டெ லா பென்னே பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் தேசத்துக்குத் துரோகம். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் தேசத்துக்கு இன்னும் பெரிய வெற்றி. ஆனால் ரம் கொடுத்த அந்த மாலுமிகள் தூக்கத்திலேயே செத்திருப்பார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. கப்பல் போகட்டும், மனிதர்கள் பிழைக்கட்டும் என்று, தம் உயிரை மட்டும் பணயத்தில் விட்டுவிட்டார். ஆயுதம் இழந்து நின்ற இராவணனைக் கொல்லாமல் விட்ட இராமனுடைய பெருமையை நாம் பேசிப் பேசிப் பூரிக்கிறோம். அந்தப் பெருமையின் ஒரு சிறு கீற்று அன்றைக்கு அலெக்ஸாண்டிரியாவில், ஒரு கப்பலின் இருட்டறையில் மின்னியது.

குண்டு வெடித்தது. கப்பல் துள்ளியது. அடியில் இருந்த கைதி, என்ன அதிர்ஷ்டமோ, சிறு காயத்துடன் மேல்தளத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து பார்த்தபோது 'குயின் எலிசபெத்'தும் அவர் கண்ணெதிரே தூக்கிப் போடப்பட்டது. மார்செக்லியா, ஷெர்காத் என்ற இருவர் வைத்த குண்டு அது. மூன்றாவது ஜோடி வைத்த குண்டில் ஓர் எண்ணெய்க் கப்பலும், அதன் பக்கத்தில் நின்ற நாசகாரி ஒன்றும் சேதமாயின. 'வேலியண்ட்' மாலுமிகள் பிழைத்தார்கள். 'குயின் எலிசபெத்'தில் சில மாலுமிகள் இறந்தார்கள். அவர்களுக்கு முன்கூட்டி எச்சரிக்கை சொல்ல யாரும் இல்லை. இதையும் மறந்துவிடக் கூடாது.

மார்செக்லியாவும் ஷெர்காத்தும் கரையேறிப் பிரெஞ்சு மாலுமிகளைப் போல வேஷம் போட்டுக்கொண்டு தப்பிப் போனார்கள். ஆனால் அவர்களுக்கு மேலிடத்தில் செலவுக்குக் கொடுத்திருந்தது இங்கிலீஷ் பவுன் நோட்டு. எகிப்தில் அது கடையிலே செல்லவில்லை! உலகத்தையே அதிர வைக்கும் திட்டம் போட்டவர்கள், சில்லறை விஷயத்தில் கோட்டை விட்டார்கள். நோட்டை மாற்ற அலைந்ததில் காலதாமதம் ஆகி, கடைசியில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஆறு பேருமே கைதானார்கள்.

* * *

இந்த இரவைப் பற்றி இரண்டு பக்கத்தாரும் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். 'ஷிரே' நீர்மூழ்கியின் தலைவர் போர்கேசே 1950-ல் எழுதினார். 'குயின் எலிசபெத்' கப்பலிலேயே அன்று இருந்த பிரிட்டிஷ் அட்மிரல் கன்னிங்ஹாம் 1951-ல் தம் சுய சரிதையை வெளியிட்டார். தாம் ஐந்தடி உயரம் தூக்கியெறியப்பட்டதை அட்மிரல் அதில் எழுதியிருக்கிறார். எழுதியவர், தம்மைத் தூக்கியெறிந்தவர்களின் துணிச்சலை மெச்சவும் தயங்கவில்லை.

கப்பல்கள் ஆழமில்லாத தண்ணீரில் நிமிர்ந்தபடியே தரை தட்டி நின்றதால், பிரிட்டிஷார் ஒன்றும் நடவாததுபோல இரகசியமாக வைத்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரலில் சர்ச்சில் பார்லிமெண்டுக்கு இதைச் சொன்னதுகூட இரகசியக் கூட்டத்தில்தான்.

போர்கேசேயின் புத்தகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. படிக்க வெகு விறுவிறுப்பு. ஆனால் அந்த மனிதர் 1943-க்குப் பிறகு ஜெர்மானிய நாஜிகளின் பக்கம் சேர்ந்து, அவருடைய படை சொந்த நாட்டுக்காரர்களையே வேட்டையாடியது. அதற்காக யுத்தத்துக்குப் பிறகு தண்டனையும் பெற்றார். 1970-ல் இத்தாலியில் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு சதியும் செய்து, ஸ்பெயினுக்கு ஓடிப்போய், 1974-ல் அங்கேயே இறந்தார். வீரன் எழுதிய புத்தகம் என்பதற்காக எல்லாவற்றையும் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. துணிச்சல் வேறு, தர்மம் வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் எப்போதும் குடியிருப்பதில்லை.

டெ லா பென்னே வேறு வழியில் போனார். இந்தியாவிலும் சிறிது காலம் யுத்தக் கைதியாக இருந்தார். இத்தாலி சரணடைந்த பிறகு நாடு திரும்பி, நேச நாடுகளின் பக்கம் சேர்ந்து பணி செய்தார். 1945 மார்ச்சில் தாரந்தோ நகரில் அவருக்கு இத்தாலியின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான தங்கப் பதக்கம் அளிக்கும் விழா நடந்தது. பதக்கத்தைக் குத்த வேண்டியவர் இளவரசர் உம்பர்ட்டோ. ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் 'வேலியண்ட்' கப்பலின் தலைவராக இருந்த அதே மார்கன்! இளவரசர் பதக்கத்தை அவர் கையில் கொடுத்துக் குத்தச் சொன்னார். தம் கப்பலை உடைத்தவனின் மார்பிலே, உடைத்ததற்காகவே கிடைத்த பதக்கத்தை, மார்கன் தம் கையாலேயே குத்தினார். சரித்திரத்தில் இதைப்போல் இன்னொரு காட்சி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

டெ லா பென்னே 1992-ல் காலமானார். கப்பலடியில் தூங்கிய பியாங்கி 102 வயது வரை இருந்து 2015-ல் மறைந்தார். அன்றைக்குத் தூங்கிய தூக்கம் உடம்புக்கு நன்றாக ஒத்துக்கொண்டது போலும்!

* * *

எல்லாருக்கும் இப்படிப்பட்ட முடிவு கிடைப்பதில்லை. 1942 டிசம்பரில் பிரிட்டிஷ் வீரர்கள் 10 பேர், துணியும் பலகையுமாகச் செய்த 5 சிறு தோணிகளில் பிரான்ஸ் தேசத்து போர்தோ துறைமுகத்தை நோக்கித் துடுப்புப் போட்டார்கள். பகலெல்லாம் நாணல் காட்டில் ஒளிந்து, ஐந்து இரவுகள் பயணம். இலக்கை அடைந்தவை இரண்டே தோணிகள். கப்பல்களில் குண்டு ஒட்டினார்கள், வெடிக்கவும் வெடித்தது. ஆனால் பத்துப் பேரில் இருவரைக் கடல் கொண்டது. ஆறு பேர் பிடிபட்டார்கள். ஹிட்லரின் உத்தரவுப்படி, சீருடையில் இருந்த கைதிகள் என்றுகூடப் பாராமல், ஆறு பேரையும் சுட்டுக் கொன்றார்கள். அங்கே ரம்மும் சிகரெட்டும் கொடுக்க ஆள் இல்லை.

பிழைத்தவர்கள் இருவர்: தலைவர் ஹாஸ்லர், அவருடைய தோணியில் கூட வந்த பில் ஸ்பார்க்ஸ். பிரெஞ்சு மக்கள் தங்கள் உயிரைப் பொருட்படுத்தாமல் ஒளித்து வைத்து, ஸ்பெயின் எல்லையைத் தாண்ட உதவினார்கள். யுத்தம் முடிந்த பிறகு ஸ்பார்க்ஸ் லண்டனில் பஸ் ஓட்டினார். 1955-ல் அவர்களுடைய கதை சினிமாவாக வந்து கொட்டகைகள் நிரம்பின. ஆனால் 1988-ல், பென்ஷன் தொகை குறைந்துபோனதால், அதே ஸ்பார்க்ஸ் தம் பதக்கங்களை ஏலத்தில் விற்றார். 31,000 பவுன் கிடைத்ததாம். வாங்கினவருக்கு அது பொக்கிஷம். விற்றவருக்கு அது எட்டுத் தோழர்களின் நினைவு. பிற்பாடு அவர் தம் கதையைப் புத்தகமாக எழுதினார். 2002-ல் காலமானார்.

நினைவுக் குறிப்பு என்பது பிழைத்தவன் எழுதுகிற புத்தகம். பத்துப் பேர் போன இடத்தில் எட்டுப் பேருக்குப் பேனாவைத் தொடக் கொடுத்து வைக்கவில்லை. ஆகவே பிழைத்தவன் தன் பெருமைக்காக எழுதினால் அது வெறும் புத்தகம். போனவர்களின் பெயரைச் சொல்லுவதற்காக எழுதினால் அது கடன் தீர்ப்பது; சினேகத்தின் கடைசித் தவணை.

நம் ஊரிலும், நம் தெருவிலும், பட்டாளத்திலும் கப்பற்படையிலும் இருந்துவிட்டு வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து "அந்தக் காலத்திலே..." என்று அவர்கள் ஆரம்பித்தால், "தாத்தா தொடங்கிவிட்டார்!" என்று நாம் நழுவிவிடுகிறோம். அடுத்த தடவை நழுவாதீர்கள். ஒரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுத்து எதிரே உட்காருங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். "உங்களோடு இருந்தவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏலம் போட முடியாத பதக்கம் அது ஒன்றுதான்.