சுகர் காட்டும் கடிகாரங்களுக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,



ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், மணிக்கட்டில் கட்டினால் சுகர் தெரியும் என்று சொல்லி ஆன்லைனில் கைக்கடிகாரங்கள் விற்கிறார்கள். காலையில் ஆர்டர் போட்டால் சில நாட்களில் சென்னை மேடவாக்கத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. பெட்டியின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'பிளட் சுகர்' என்றும், பின்பக்கம் பொடி எழுத்தில் 'இது மருத்துவக் கருவி அல்ல' என்றும் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்ற நிலை இருக்கக் கூடாது. இந்த மடல் அதற்காகத்தான்.

வாங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. விரல் நுனியின் ஓரத்தில் தினமும் குத்திக் குத்தித் தோல் காய்த்துப்போனவர்கள் அவர்கள். ஒவ்வொரு குத்தலுக்கும் ஒரு ஸ்ட்ரிப் செலவு வேறு. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம்.

ஆனால் குத்தாமல் சுகர் அளக்கும் இடத்துக்கு அறிவியல் இன்னும் வந்து சேரவில்லை. ஐந்து லிட்டர் ரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய ஐந்து கிராம். தோல் வழியே ஒளியைப் பாய்ச்சி அதைக் கண்டுபிடிக்கப் போனால், உடம்பில் உள்ள தண்ணீர் ஒளியை விழுங்கிவிடுகிறது. வியர்வை, தோலின் நிறம், சூடு எல்லாமே கணக்கைக் குழப்பும். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச், மெல்லிய மின்னோட்டத்தால் தோல் வழியே திரவத்தை இழுத்து அளந்தது. அதைச் சரிபார்க்கவும் விரலில் குத்தியாக வேண்டியிருந்தது. தோல் எரிச்சலும் வந்தது. கடைசியில் சந்தையிலிருந்தே போய்விட்டது. இப்போது மருத்துவர்கள் பரிந்துரைக்கும், புஜத்தில் ஒட்டும் சென்சார் நம்பகமானதுதான். ஆனால் அதிலும் தோலுக்கடியில் நுண்ணிய இழை ஒன்று நுழைகிறது.

தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. காரணம் எளிது. கடிகாரம் 280 என்று தவறாகக் காட்ட, அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் சில மணி நேரத்தில் மயக்கம், உயிராபத்து வரை போகும்.

நம் கையில் சட்டம் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: இந்தக் கடிகாரங்களை ஆன்லைனிலும் கடையிலும் வாங்கி, ஆய்வக ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டு, முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். குளுக்கோமீட்டருக்குச் சர்வதேசத் தரம் உண்டு: 100 மி.கி.யும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூற்றுக்கு 95 முடிவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். கடிகாரத்துக்கு மட்டும் ஏன் சலுகை?

இரண்டு: சுகர் அளக்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு உரிமம் காட்டாத விற்பனையாளர்கள் மீது நடவடிக்கை எடுங்கள், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரத்தில் வருபவற்றை அங்கே அனுப்புங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் இந்தக் கடிகாரங்களை நம்ப வேண்டாம் என்று வீடுவீடாகச் சொல்லச் சுகாதாரத் துறையிடம் பேசுங்கள்.

மூன்று: உண்மையாக முயல்பவர்களுக்கு வழி விடுங்கள். ஊசியில்லாக் கருவியை உருவாக்கும் ஆய்வுக் குழுக்கள், நம் மாநிறத் தோலிலும் மே மாத வியர்வையிலும் அதைச் சோதிக்க, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு அரசு மருத்துவமனைகளின் கதவு திறக்க உதவுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கடிகாரம் காட்டும் எண்ணை வைத்து மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். விரலில் குத்திப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.