தமக்கையின் சங்கீதமும் தம்பியின் பேரும்

"பெண்களுக்குப் பாடவும் வாசிக்கவும் வரும், புதிதாய் சங்கீதம் செய்ய வராது. வருமானால் பீதோவனைப்போல் ஒரு ஸ்திரீயாவது ஏன் தோன்றவில்லை?" என்று கேட்கும் பண்டிதர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காக ஜெர்மனி தேசத்து விஷயமொன்றைச் சொல்லுகிறோம்.

பெலிக்ஸ் மெண்டல்ஸோன் என்பவர் ஐரோப்பிய சங்கீதத்தில் பேர்போனவர். 1805-ல் பிறந்த அவர் தமக்கை பான்னியின் பேரோ வெகுகாலம் வெகு சிலருக்கே தெரிந்திருந்தது. இருவரும் பெர்லினில் ஒரே வீட்டில் வளர்ந்து, ஸெல்டர் என்ற ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள். பான்னி 13-வது வயதிலேயே பாக் என்பவர் செய்த 24 உருப்படிகளை ஏடு பாராமல் தகப்பனாருக்கு வாசித்துக் காட்டியவர். அந்தத் தகப்பனாரே 1820-ல் அவருக்குக் கடிதம் எழுதினார். என்னவென்று? சங்கீதம் தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அது ஓர் ஆபரணமாய் மாத்திரம் இருக்கவேண்டும் என்று! (ஆபரணத்தின் பேரால் பெண்ணைப் பூட்டிவைக்கும் வித்தையை நம் நாட்டாருக்கு விளக்கவேண்டியதில்லை.)

தம்பியாவது நியாயம் செய்தாரா? தமக்கையின் ஆறு பாட்டுகளைத் தம் பாட்டுகளோடு சேர்த்துத் தம் பேராலேயே அச்சிட்டார். 1842-ல் லண்டனில் விக்டோரியா ராணி அவர் புஸ்தகத்திலிருந்து ஒரு பாட்டை விரும்பிப் பாட, அது தமக்கை செய்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒப்புக்கொண்டாரே, அந்தமட்டில் யோக்கியர்தான். ஆனால் 1837-ல் தாயார், பான்னியை அச்சிடும்படி தூண்டச் சொன்னபோது, அவளுக்கு வீட்டுக் காரியமே முதன்மை என்று மறுத்தெழுதியவரும் இவரே. கடைசியில் 1846-ல், நாற்பது வயதில், அந்த அம்மையார் தம் கிருதிகளைத் தம் பேரால் வரிசையாய் அச்சிடத் தொடங்கினார். மறுவருஷம் மே மாதம் இறந்துபோனார். 450-க்கு மேற்பட்ட கிருதிகளில் பெரும்பாலானவை கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தன.

இனிமேல்தான் வேடிக்கை. 1970-ல் பாரிஸ் நகரத்துப் புஸ்தகக் கடையொன்றில் பழைய பியானோ ஸோனாட்டாப் பிரதி அகப்பட்டது. ஈஸ்டர் பண்டிகையின் பேர் கொண்டது. (பண்டிகையைப்பற்றி நமது அபிப்பிராயம் எப்படியாவது இருக்கட்டும், சங்கீதம் சங்கீதந்தானே.) அதில் பேரின் முதலெழுத்தும் மெண்டல்ஸோன் என்பதுமே இருந்தன. தமக்கைக்கும் தம்பிக்கும் முதலெழுத்து ஒன்றே. "ஈஸ்டர் ஸோனாட்டா" என்று அம்மையாரே 1829-ல் எழுதிவைத்திருந்தும், அது தம்பியுடையதென்றே 1972-ல் இசைத்தட்டாய் வெளிவந்தது. பிறகு 2010-ல் ஆஞ்சலா மேஸ் என்ற ஆராய்ச்சிக்காரி மூலப்பிரதியைப் பார்த்தார். கையெழுத்து பான்னியுடையது, பக்க எண்களோ பெர்லினிலிருந்த அவர் ஏட்டில் காணாமற்போயிருந்த பக்கங்களோடு சரியாய்ப் பொருந்தின! 1828-ல் செய்யப்பட்ட அந்த ஸோனாட்டாவை 2017 மார்ச்சு 8-ந் தேதி லண்டன் ராயல் சங்கீதக் கல்லூரியில் பான்னியின் பேராலேயே வாசித்தார்கள்.

ஓர் எழுத்தைப் பார்த்ததும் ஆண்பிள்ளைதான் என்று எல்லோருக்கும் எப்படித் தோன்றிற்று? சங்கீதத்தில் ஸ்திரீ வாசனை அடித்ததா, இல்லையா? அடித்திருந்தால் 1972-ல் ஏன் ஒருவர் மூக்கிலும் படவில்லை? பண்டிதர்கள்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்று. 1841-ல் பன்னிரண்டு மாதத்திற்கும் மாதமொன்றாய் "வருஷம்" என்ற பியானோ வரிசையைச் செய்தார். சித்திரக்காரரான அவருடைய புருஷர் ஹென்ஸெல் அதற்குப் படம் எழுதிக்கொடுத்தார். (புருஷர்களில் இப்படியும் ஒருவர்!) அது முழுதும் அச்சேறியது 1989-ல்தான். 148 வருஷங்கள் அதைக் கண்ணால் பாராமலே, பெண்களுக்கு வராது என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்.