சமாளிக்கும் விதத்தையும் பதிவு செய்வோம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வரும் வடமாநில இளைஞர்கள் பலருக்கு, வீடு என்பது ஒப்பந்தக்காரர் பிடித்துக் கொடுத்த அறையில் ஒரு பாய் விரிக்கும் இடம்தான். வேலை போனால் அந்த இடமும் போய்விடும். இயந்திரத்தில் கை மாட்டியவரும் மேஸ்திரியோடு முறைத்துக்கொண்டவரும் இருமல் விடாமல் அறையில் மற்றவர்களுக்கு ஆகாதவராகிப் போனவரும் ஒவ்வொருவராக ரயில் நிலையத்துக்கு வந்து சேர்கிறார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் வேலையும் தங்குமிடமும் ஒன்றாகப் பறிபோனவர்கள் வடக்கே நடந்தே போனதை நாடே பார்த்தது. அதே இழப்பு மற்ற நாட்களில் ஒவ்வொருவருக்காக நேரும்போது யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்படித் தெருவுக்கு வந்தவர் எப்படி நாளைக் கடத்துகிறார்? வீடற்றோரிடையே செய்யும் களப்பணியில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் படிவங்களில் இதற்கு இடமே இல்லை. நோய், போதை, குடும்பம் கைவிட்ட காரணம் என்று இல்லாதவற்றையும் கெட்டவற்றையும் மட்டுமே நிரப்புகிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் தெருவாசிகள் கையில் ஒரு நாட்காட்டி இருக்கிறது. அமாவாசை என்றால் திருவள்ளூர் வீரராகவர் கோயில். ஆடி ஞாயிறு என்றால் பெரியபாளையம். செவ்வாய்க்கிழமை என்றால், சொந்த வீடு அமைய வேண்டி ஆறு வாரம் பக்தர்கள் வரும் சிறுவாபுரி. எந்த ஊரில் எந்த நாளில் சோறும் சில்லறையும் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் பாத்திரம் கழுவினால் இரண்டு வேளைச் சாப்பாடு நிச்சயம். சம்பாதித்த பணம் டீக்கடைக்காரரிடம் பத்திரமாக இருக்கும். ஆதார் அட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்போடு இருக்கும். தனியாக இருக்கும் பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் விழித்தபடி இரவைக் கழித்துவிட்டு, ஆள் நடமாட்டம் உள்ள பகலில் தூங்குகிறார்கள். பகலில் தூங்குபவளைப் பார்த்து 'சோம்பல், ஈடுபாடின்மை' என்று குறிப்பெழுதும் பணியாளர், அவளுடைய பாதுகாப்பு ஏற்பாட்டை நோயின் அறிகுறியாக மாற்றிவிடுகிறார்.

உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் எழுதிய நூலிலிருந்து, பிரச்சினையைத் தீர்க்கும் சமாளிப்பு, மனத்தை ஆற்றும் சமாளிப்பு என்று இரண்டாகப் பிரித்துப் படித்திருக்கிறோம். தெருவில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. நாள் முழுக்க லோடு இறக்கியவர் குடிக்கும் குவார்ட்டர், முதுகுவலிக்கு மருந்து, கொசுக்கடியில் தூக்கம், ஊர் நினைப்புக்கு மறதி. அது அவர் உடம்பை அரிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வலிக்கும் தூக்கத்துக்கும் வேறு வழி செய்யாமல் குடியை மட்டும் நிறுத்தச் சொல்வது சிகிச்சை ஆகாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 100ஆவது பிரிவு, மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் கடமையைக் காவல்துறைக்குத் தருகிறது. தேவையான சட்டம். ஆனால் மீட்பு என்ற பெயரில் எல்லோரையும் வண்டியில் ஏற்றும்போது, டீக்கடையில் இருந்த பணம், பைக்குள் இருந்த காகிதம், பக்கத்தில் படுத்த துணை எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. காப்பகத்திலிருந்து ஒருவர் ஓடிப்போனால், அவர் எதைத் தேடிப் போனார் என்று விசாரிக்கிறோமா?

தெருவில் நாளைக் கடத்தும் இந்தத் திறமைகளைப் புகழ்ந்துவிட்டு நகர்வதும் தவறு. 'எப்படியோ பிழைத்துக்கொள்கிறார்கள்' என்ற பாராட்டு, அரசு கைவிரிக்க வசதியான வாசகம். தூக்கமில்லாத இரவுகளுக்கு உடல் விலை கொடுக்கிறது. காசநோய் மருந்து பாதியில் நிற்கிறது.

தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் வகுத்த அளவுகோல், ஒரு லட்சம் நகர மக்களுக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் காப்பகம். 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் நகரமும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை, கும்மிடிப்பூண்டிப் பேரூரும் தொடவில்லை. சிப்காட்டைச் சுற்றிய ஊராட்சிகளில் அறையெடுத்துத் தங்குவோர் நகரக் கணக்குக்குள் வருவதே இல்லை. தொழிற்பேட்டைகளுக்கு நிரந்தர மக்கள்தொகையை வைத்து அல்லாமல், அங்கே வேலைக்கு வருவோரின் எண்ணிக்கையை வைத்துக் காப்பகம் கேட்க வேண்டும். அதற்கான சான்று நம் பதிவேடுகளில்தான் உருவாக முடியும். அடுத்த களப்பணியில், நோய் விவரத்துக்கு முன்பாக, எங்கே தூங்குகிறார், யாரை நம்புகிறார், பணத்தை எங்கே வைக்கிறார் என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் பதிவுகளோடு மாவட்ட ஆட்சியரிடம் சேர்ந்து போவோம்.