"வாங்க அண்ணே, வாங்க!": கமிஷன் யார் தலையில்?

ஏலாக்குறிச்சி:-

கல்யாண சீசன் வந்துவிட்டால் ஏலாக்குறிச்சி வட்டாரத்து சனங்கள் துணி எடுக்க பஸ் ஏறுகிறார்கள். தஞ்சாவூர், திருச்சி, வசதி இருந்தால் காஞ்சிபுரம். மடியில் கனம், வழியில் பயம்!

காஞ்சிபுரத்தில் இறங்கியதும் ஒரு ஆசாமி ஓடி வருகிறார். "பட்டுச் சேலையாம்மா? சொசைட்டி விலைக்கே வாங்கித் தரேன். எனக்கு ஒரு பைசா வேணாம்!"

உண்மைதான். உங்களிடம் வேண்டாம்! கடைக்காரரிடம் அவருக்குக் கமிஷன் உண்டு. அது சேலை விலையில் ஏறி, கடைசியில் உங்கள் தலையில்தான் விழும். 'சொசைட்டி' என்று கூட்டிப் போவது தனியார் கடையாகவும் இருக்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லி ஆள் பிடிப்பது நிற்கவில்லை.

ஏலாக்குறிச்சிக்கு இந்தப் பாடம் புதுசு அல்ல. இங்கே அடைக்கல மாதா கோவில் கட்டிய வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அவருடைய பரமார்த்த குரு கதையில், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிச் சீடர்கள் காசு கொடுத்து ஏமாந்தார்கள். விற்றவனுக்குச் சாமர்த்தியம், வாங்கியவனுக்கு அவசரம்!

இன்னொரு ரகமும் உண்டு. ஜவுளிக்கடை வாசலில் கை தட்டி, "வாங்க அண்ணே, உள்ளே வந்து பாருங்க" என்று கூவும் பையன். அவன் மோசடிப் பேர்வழி அல்ல, கூலிக்காரன். தொண்டை கட்டினாலும் கூவ வேண்டும். கால் கடுத்தாலும் நிற்க வேண்டும்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபை சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. வாசலில் நிற்கிறவனும் கடை ஊழியன்தானே? அவனுக்கும் ஒரு ஸ்டூல் போட்டால் முதலாளிக்கு என்ன குறைந்துவிடும்?

இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. கூவுகிற பையனை விரட்ட வேண்டாம். பொய் சொல்லி இழுக்கும் புரோக்கரைப் பிடிக்க வேண்டும். அவரை மட்டும் பிடித்தாலும் போதாது. கமிஷன் கொடுக்கும் கடைக்காரரை விட்டுவிட்டால், நாளைக்கு அதே இடத்தில் வேறு ஆசாமி நிற்பார்!

சனங்களும் உஷாராக இருக்க வேண்டும். ஆள் சொல்வதைக் கேட்காமல் கடை போர்டைப் படியுங்கள். கோ-ஆப்டெக்சிலும் கூட்டுறவு சங்கக் கடையிலும் விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் மற்றக் கடைக்குப் போங்கள். பில் இல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள். பில் கையில் இருந்தால்தான் நுகர்வோர் ஆணையத்தில் தைரியமாகப் புகார் கொடுக்கலாம்.

அப்போதுதான் பூசணிக்காய், பூசணிக்காய் விலைக்குக் கிடைக்கும்!