கேன்சர் கட்டி வந்தால் கிட்னியை முழுசா எடுக்கணுமா?

வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், "கிட்னியில ஒரு சின்னக் கட்டி தெரியுது" என்கிறார்கள். சிறுநீரகப் புற்றுநோய் இன்று பலருக்கும் தெரியவருவது இப்படித்தான். உடனே வீட்டில் பேச்சு: "கிட்னியையே எடுத்துடலாம். தானம் கொடுத்தவங்க ஒண்ணோட நல்லாத்தானே இருக்காங்க?"

நியாயமான கேள்வி. ஆனால், தானம் கொடுப்பவர் பல சோதனைகளில் தேறியவர். கேன்சர் நோயாளி பெரும்பாலும் வயதானவர். சர்க்கரை, பிரஷர் வேறு இருக்கலாம். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கிரியேட்டினின் 'நார்மல்' ஆக இருந்தும் 26 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கிட்னியின் செயல்திறன் குறைந்திருந்தது. 3 ஆண்டுகளுக்குப் பிறகும் புதிதாக அந்தப் பாதிப்பு வராமல் இருக்க, முழுக் கிட்னியை எடுத்தவர்களுக்கு 35 சதவீத வாய்ப்புதான். கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு 80 சதவீதம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்தப் பகுதியிலும் பக்கத்துத் தமிழக மாவட்டங்களிலும் வழக்கமான காரணம் எதுவும் தெரியாமலே கிட்னி பழுதாகும் நோயை ஜிப்மர் மருத்துவர்கள் 2020-ல் பதிவுசெய்து, 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி' என்று பெயரிட்டார்கள். வயல்வேலை செய்பவர்களிடம் அதிகம் காணப்படும் நோய் இது. அப்படி ஒருவருக்குக் கட்டி வந்தால், இன்னொரு கிட்னியை நம்பி ஒன்றை எடுத்துவிட முடியுமா? வாரம் இரண்டு, மூன்று நாள் டயாலிசிஸ் என்றால் கூலியும் போச்சு.

கட்டி 4 செ.மீ.க்குள் இருந்தால், முடிந்தவரை அதை மட்டும் எடுக்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். 7 செ.மீ. வரைகூட இடத்தைப் பொறுத்துச் செய்யலாம். இந்த அளவில் கேன்சரைக் கட்டுப்படுத்துவதில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் வேலை கஷ்டமானது. கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயை கிளாம்ப் போட்டு நிறுத்தி, கட்டியை வெட்டி, தைத்து முடிக்க வேண்டும். ஐஸ் வைத்துக் குளிர்விக்காவிட்டால் 25-30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காப்பாற்ற நினைத்த கிட்னியே அடிவாங்கும். ரத்தப்போக்கு, சிறுநீர்க் கசிவு அபாயமும் கூடுதல். "ரோபோ இருக்கா?" என்பதைவிட, "டாக்டர் இதை அடிக்கடி செய்றாரா?" என்று விசாரிப்பது மேல். ஓப்பன் ஆபரேஷனிலும் இதைச் செய்யலாம்.

அப்போ ஆயுள் கூடுமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் 541 பேரிடம் நடந்து 2011-ல் முடிவு வெளியான சோதனையில், 10 ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் முழுசா எடுத்தவர்களில் 81 சதவீதம், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 76 சதவீதம்! போதிய ஆள் சேராமல் முன்கூட்டியே நிறுத்தப்பட்ட சோதனை அது. எனவே அதையே இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனாலும், இந்த ஆபரேஷனின் நிச்சயமான லாபம் கிட்னியின் செயல்திறன்தான், ஆயுள் அல்ல.

கட்டி பெரிய ரத்தக்குழாய்க்குள் புகுந்திருந்தால் பெரும்பாலும் முழுசா எடுப்பதுதான் வழி. சின்னக் கட்டி என்றால், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் கிரியேட்டினினோடு நிறுத்தாமல் இ-ஜி.எஃப்.ஆர். அளவையும் கேட்டு வாங்குங்கள். பல லேப் ரிப்போர்ட்களில் அது கிரியேட்டினினுக்குக் கீழேயே அச்சாகியிருக்கும்.