பந்துவீச்சு விளையும் மண்ணில் ஏன் இறக்குமதி?

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு (ஆர்சிபி) எட்டுப் பேரை எடுத்தது. அந்த எட்டில் கர்நாடக அணிக்கு ஆடுபவர் ஒருவர்கூட இல்லை. கையில் இருந்த மயங்க் அகர்வாலையும் மனோஜ் பாண்டகேயையும் ஏலத்துக்கு முன்பே விடுவித்தாயிற்று. 25 பேர் கொண்ட அணியில் மிஞ்சியிருக்கும் ஒரே கர்நாடக ஆட்டக்காரர் தேவ்தத் படிக்கல், அவர் பேட்ஸ்மேன். பந்தைக் கையில் எடுக்க இந்த மாநிலத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. கோப்பை வென்ற மயக்கத்தில் இருக்கும் ஊர் இதைப் பெரிதாகப் பேசவில்லை. பேச வேண்டிய நேரம் இதுதான்.

கன்னடர், கன்னடரல்லாதார் என்று பிரித்துப் பார்க்கும் வாதம் இது என யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைதராபாத் சிராஜையும் ஹரியாணா சாஹலையும் இந்த அணி நடத்திய விதமும் என் புகாரில் அடக்கம். ஒரு பந்துவீச்சு வரிசையை எப்படிக் கட்டுவது, அதில் இளையவருக்கு எங்கே இடம் விடுவது, இடம் கொடுத்தவரை எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? இந்த மூன்றிலும் ஆர்சிபி தவறிக்கொண்டே இருக்கிறது. அதுவும் எந்த ஊரில் இருந்துகொண்டு?

சந்திரசேகர் 242 டெஸ்ட் விக்கெட், பிரசன்னா 189, ஸ்ரீநாத் 236, கும்ப்ளே 619. இவ்வளவும் ஒரே மாநிலம். 1996 அக்டோபரில் டில்லியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் ஸ்ரீநாத் காயத்தால் ஆட முடியவில்லை. அவருக்குப் பதில் வந்தவர் டேவிட் ஜான்சன், அவரும் கர்நாடகம். மறுமுனையில் வெங்கடேஷ் பிரசாத். சுழலுக்குக் கும்ப்ளேவும் சுனில் ஜோஷியும். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அதே மாநிலத்திலிருந்து எழுந்து வந்த காலம் அது. இன்று இந்தியாவில் எந்த வேகப்பந்து வீச்சாளருக்கு முதுகு பிடித்தாலும், முட்டி வலித்தாலும், அவர் வந்து தேறுவது கெம்பேகவுடா விமான நிலையம் அருகே 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட பிசிசிஐயின் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸில்தான். நாட்டின் பந்துவீச்சுக்கே தலைநகரான ஊர் இது. அந்த ஊரின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்ட அணியில் இந்த ஊரின் பந்து இல்லை.

என் கோபத்துக்குக் காரணமான ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் 4 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா இங்கிலாந்தை 6 ரன்னில் வென்றது நினைவிருக்கும். இங்கிலாந்தின் வோக்ஸ் தோள் காயத்தோடு ஒரு கையைக் கட்டிக்கொண்டு இறங்கிய ஆட்டம். முதல் இன்னிங்ஸில் அவர் ஆட வராததால் இங்கிலாந்து இழந்தது 9 விக்கெட், இரண்டாவதில் 10. மொத்தம் 19. அந்த 19-ஐயும் எடுத்தவர்கள் மூன்றே பேர்: சிராஜ் 9, பிரசித் கிருஷ்ணா 8, ஆகாஷ் தீப் 2. சுழலுக்கு ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. இப்போது அந்த மூன்று பெயரையும் ஆர்சிபியின் பதிவேட்டோடு ஒட்டிப் பாருங்கள். சிராஜ் 2018 முதல் 2024 வரை ஏழு பருவம் ஆர்சிபிக்கு ஆடியவர். கைவிடப்பட்டார், குஜராத் டைட்டன்ஸ் 12.25 கோடி கொடுத்து எடுத்தது. ஆகாஷ் தீப் ஆர்சிபியில் ஐபிஎல் தொடங்கியவர். கைவிடப்பட்டார், லக்னோ 8 கோடிக்கு எடுத்தது. பிரசித் கிருஷ்ணா பெங்களூருப் பையன். ஆர்சிபிக்கு ஒரு பந்துகூட வீசியதில்லை. குஜராத் அவரை 9.5 கோடிக்கு எடுத்தது. 2025 ஐபிஎல்லில் 25 விக்கெட்டுடன், அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பி அவர் தலையில் ஏறியது. ஓவலில் விழுந்த ஒவ்வொரு இங்கிலாந்து விக்கெட்டும் பெங்களூரு வேண்டாம் என்றவர்களும், பெங்களூரு கண்டுகொள்ளாதவரும் எடுத்தது. இந்தக் கணக்குக்கு ஆர்சிபியின் ஆள்தேர்வுக் குழு என்ன பதில் வைத்திருக்கிறது?

இன்னும் அருகில் வந்து பார்க்கலாம். 2025-ல் ஆர்சிபி எதிரணிகளின் மைதானங்களில் ஆடிய ஏழு லீக் ஆட்டங்களையும் வென்றது. எந்த அணியும் அதற்கு முன் செய்யாத சாதனை. சொந்த ஊரில்? முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. ஏப்ரல் 2 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்குக் குஜராத் வந்தது. சிராஜ் படிக்கலையும் சால்ட்டையும் ஸ்டம்பு பறக்க அனுப்பினார், பிறகு லிவிங்ஸ்டனையும் எடுத்தார். 4 ஓவர், 19 ரன், 3 விக்கெட், ஆட்டநாயகன் விருது. பிரசித் 26 ரன் கொடுத்து டிம் டேவிட்டை எடுத்தார். நம் சென்னை சாய் கிஷோர் 22 ரன்னுக்கு இரண்டு. ஏப்ரல் 10 அன்று டெல்லி வந்தது. ஒருகாலத்தில் ஆர்சிபியில் இருந்த கே.எல்.ராகுல் 93 ரன் அடித்துவிட்டு, இது என் மைதானம் என்று மட்டையால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினார். ஏப்ரல் 18 அன்று பஞ்சாப் வந்தது. மழையால் குறைந்த ஆட்டத்தில் சாஹல் 3 ஓவரில் 11 ரன் கொடுத்து 2 விக்கெட். மூன்று தோல்வி, மூன்றிலும் முன்னால் நின்றவர் முன்னாள் ஆர்சிபிக்காரர். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற, பவுண்டரி கிட்டத்தில் இருக்கிற, தட்டினாலே பறக்கிற அந்த மைதானத்தில் பந்துவீசுவது தனிக் கலை. அது அங்கேயே வீசி வளர்ந்தவனுக்குத்தான் வரும். விலைக்கு வாங்கிய கூட்டம் எந்த ஊரிலும் வெல்லும், தன் ஊரில் தோற்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கோப்பையே வந்துவிட்டதே, இனி என்ன குறை என்பார்கள். ஆம், 2025 ஜூன் 3 அன்று அகமதாபாதில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று 18-வது பருவத்தில் கோப்பை வந்தது. ஹேசில்வுட் 22 விக்கெட், புவனேஷ்வர் குமார் 17, குருணால் பாண்டியா 17. விலை முறையே 12.5 கோடி, 10.75 கோடி, 5.75 கோடி. அருமையான பந்துவீச்சு, மறுக்கவில்லை. அந்தப் பருவத்தில் மூவரின் வயது 34, 35, 34. கூட்டினால் 103. இந்த மூன்று தோள்களும் இன்னும் எத்தனை பருவம் தாங்கும்? அடுத்து யார் என்ற கேள்விக்கு ஆர்சிபி தயாராக வைத்திருக்கும் பதில் அடுத்த ஏலம் மட்டுமே. அந்த இறுதியாட்டத்தில் பஞ்சாபுக்காக வீசியவர்களில் சாஹல் இருந்தார். கர்நாடகத்தின் விஜயகுமார் வைசாக்கும் இருந்தார். கோப்பை வென்ற அணியில் கர்நாடகப் பந்துவீச்சாளர் யாரும் ஆடவில்லை. தோற்ற அணியில் ஒருவர் ஆடினார்.

வைசாக்கின் கதையே போதும் இந்த நிர்வாகத்தைப் புரிந்துகொள்ள. 2023-ல் காயமடைந்த பட்டிதாருக்குப் பதிலாக உள்ளே வந்தார். ஏப்ரல் 15 அன்று சின்னசாமியில் டெல்லிக்கு எதிராக முதல் ஆட்டம்: 20 ரன், 3 விக்கெட். சரியாக ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரல் 15, அதே மைதானத்தில் ஹைதராபாத் 287 ரன் குவித்தது. வைசாக் 64 ரன் கொடுத்தார். டாப்லி 68, ஃபெர்குசன் 52, யஷ் தயாள் 51. நால்வரும் அடி வாங்கிய நாள் அது. அந்த ஆண்டோடு வைசாக்கை விட்டுவிட்டார்கள். 1.8 கோடிக்கு எடுத்த பஞ்சாப், 2025 மார்ச்சில் குஜராத்துக்கு எதிராக இறுதி ஓவர்களில் அவரை இம்பாக்ட் பிளேயராக இறக்கியது. விக்கெட் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் ஆஃப் ஸ்டம்புக்கு வெகு வெளியே யார்க்கர்களாக இறக்கி ஆட்டத்தையே பஞ்சாப் பக்கம் இழுத்தார். அந்த யார்க்கரை வளர்க்க ஆர்சிபிக்குப் பொறுமை இல்லாமல் போனது.

குடகு தந்த வித்வத் காவேரப்பா 2023 ஜூலையில் துலீப் கோப்பை இறுதியாட்டத்தில் 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். எங்கே? சின்னசாமியில். அவரை வைத்திருந்தது பஞ்சாப். அடுத்த மே மாதம் தர்மசாலாவில் அவருக்கு முதல் ஐபிஎல் ஆட்டம், ஆர்சிபிக்கு எதிராக. பவர்பிளேயில் டு பிளெசியையும் வில் ஜாக்ஸையும் எடுத்தார். ஆர்சிபியின் வாசலில் விளைந்தவனை ஆர்சிபி முதன்முதலில் பார்த்தது எதிரணிச் சட்டையில்.

பொறுமை என்றால் என்ன என்று மும்பை இந்தியன்ஸைக் கேட்க வேண்டும். 2013 ஏப்ரல் 4, அதே சின்னசாமி. யாருக்கும் தெரியாத ஒரு குஜராத் பையன், விசித்திரமான ஓட்டம், நேராக நீளும் கை. முதல் ஓவரிலேயே கோலி பவுண்டரிகளை விளாசினார். அதே ஓவரில் எல்பிடபிள்யூ ஆனார். பும்ரா அன்று எடுத்தது 3 விக்கெட். பலரும் மறந்துவிடுவது அதற்குப் பிறகு நடந்ததை. 2013-ல் 2 ஆட்டம், 3 விக்கெட். 2014-ல் 11 ஆட்டம், 5 விக்கெட். 2015-ல் 4 ஆட்டம், 3 விக்கெட். மூன்று பருவத்தில் 17 ஆட்டம், 11 விக்கெட். ஒரு ஆட்டத்துக்கு ஒரு விக்கெட்கூட இல்லை. ஆர்சிபியாக இருந்தால் இரண்டாம் ஆண்டே பெட்டியைக் கட்டச் சொல்லியிருக்கும். மும்பை பக்கத்தில் மலிங்காவை நிறுத்தி, காத்திருந்தது. 2016-ல் 15 விக்கெட். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

அமெரிக்க பேஸ்பாலில் இதைத் தனிமனிதர்களின் பொறுமைக்கே விட்டுவைப்பதில்லை. 30 பெரிய கிளப்புகளுக்கும் தலா நான்கு மைனர் லீக் அணிகள் உண்டு. பதினெட்டு வயதில் எடுத்த பிட்சர் கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுகிறான். மேலே ஒருவர் தோள் வலியில் படுத்தால் கீழேயிருந்து அவனை அழைக்கிறார்கள். மூத்தவருக்குக் கோடி கொடுப்பதும் இளையவனுக்கு இடம் விடுவதும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதி அங்கே. இங்கே மகாராஜா கோப்பை டி20 என்று ஒரு தொடரை மாநிலச் சங்கம் நடத்துகிறது. ஆர்சிபியோ மத்தியப் பிரதேச லீகில் மங்கேஷ் யாதவைக் கண்டுபிடித்து 5.2 கோடி கொடுக்கிறது. அந்த இளைஞர் நன்றாக வரட்டும். குவாலியர் வரை எட்டுகிற கண்ணுக்கு மைசூரு தெரியாதா?

வெளிநாட்டு உதாரணம் எதற்கு, ஆர்சிபியின் மகளிர் அணியே பாடம் சொல்கிறது. ஸ்ரேயங்கா பாட்டீல், கர்நாடக ஆஃப் ஸ்பின்னர், ஏல விலை 10 லட்சம். 21 வயதில், 2024 மார்ச் 17 அன்று டெல்லியில் நடந்த இறுதியாட்டத்தில் 12 ரன்னுக்கு 4 விக்கெட். தொடரில் 13 விக்கெட், ஊதாத் தொப்பி. ஆர்சிபி என்ற பெயருக்குக் கிடைத்த முதல் கோப்பை அதுதான். ஆண்கள் அணி 17 பருவம் கோடி கோடியாகக் கொட்டிப் பெறாததை, உள்ளூர்ப் பெண்ணுக்கு இடம் கொடுத்த அணி இரண்டாவது பருவத்திலேயே பெற்றது.

ஆண்கள் அணியின் பழைய ஏடுகளும் இதையே சொல்கின்றன. 2009 இறுதியாட்டத்தில் கும்ப்ளே 16 ரன்னுக்கு 4 விக்கெட். 2011 சேப்பாக்க இறுதியில் முதல் ஓவரிலேயே கெயிலை ரன் எடுக்கவிடாமல் அனுப்பியவர் மேற்கு மாம்பலத்து அஸ்வின். உள்ளூர்ப் பையனிடம் புதுப் பந்தைக் கொடுக்கிற துணிச்சல் அன்று சென்னைக்கு இருந்தது. (வருணையும் நடராஜனையும் சாய் கிஷோரையும் பிற ஊர்கள் அள்ளிக்கொண்டு போகும் இன்றைய சென்னைக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.) 2016 இறுதி சின்னசாமியில். அந்த ஆண்டு ஏலத்தின் அதிக விலை, 9.5 கோடி, பெற்ற வாட்சன் 4 ஓவரில் 61 ரன் கொடுத்தார். கடைசி ஓவரில் மட்டும் 24. உள்ளூர் இடக்கையர் அரவிந்த் அதே 4 ஓவரில் 30 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். ஆர்சிபி தோற்றது 8 ரன்னில். அரவிந்தின் ஒரு ஓவரை அந்தக் கடைசி ஓவருக்கு மிச்சம் வைத்திருந்தால் கோப்பைக்கு இன்னும் ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்காது.

ஏலம் என்றால் ஏலம்தான், ஊர்ப்பாசம் பார்க்க இது ரஞ்சி கோப்பையா என்று கேட்பவர்கள், கிரிக்கெட்டைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பார்ப்பவர்கள். ஐபிஎல் தொடங்கிய 2008-ல் உள்ளூர் ஆட்டக்காரர்களும் 22 வயதுக்கு உட்பட்டவர்களும் அணியில் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. அதை யாருக்காகக் கைவிட்டார்கள்? இம்பாக்ட் பிளேயர் விதியால் இன்று பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள். இடம் கூடியிருக்கிறது, குறையவில்லை. தன் மாநிலத்தின் 23 வயதுக்கு உட்பட்ட மூன்று பந்துவீச்சாளர்களை ஏலத்துக்கு வெளியே, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுக்க ஒவ்வோர் அணியையும் கட்டாயப்படுத்த வேண்டும். சொந்த மைதானத்து ஆட்டங்களில் அவர்களில் ஒருவராவது பன்னிரண்டு பேரில் இருக்க வேண்டும்.

பிசிசிஐ செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கர்நாடக மாநில கிரிக்கெட் சங்கத்தின் தலைவராக 2025 டிசம்பரில் தேர்வானவர் வெங்கடேஷ் பிரசாத். 1996 உலகக் கோப்பைக் காலிறுதியில் இதே சின்னசாமியில் பாகிஸ்தானைச் சாய்த்த உள்ளூர்ப் பந்துவீச்சாளர்களில் ஒருவர். இந்த அணிக்காகத் திரண்ட 11 பேர் 2025 ஜூன் 4 அன்று கோப்பைக் கொண்டாட்ட நெரிசலில் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊர் ஆர்சிபிக்குக் கொடுத்ததற்கு அளவில்லை. ஆர்சிபி திருப்பிக் கொடுத்தது என்ன என்று கேட்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு. மைதான ஒப்பந்தத்தில் இந்த மூன்று இடங்களை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பிரசாத் சின்னசாமியின் கதவைத் திறக்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் அந்த அணி வேறு ஊரில் ஆடட்டும், சட்டையிலிருந்து பெங்களூரு என்ற பெயரையும் எடுத்துவிடட்டும்.