கணினி சாகவில்லை, வாசிக்கத்தான் ஆளில்லை

"மதர்போர்டு போயிருச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க." நாகப்பட்டினத்தில் பழைய மடிக்கணினியைக் கடைக்கு எடுத்துச்செல்லும் மாணவர் பலர் கேட்டுத் திரும்பும் தீர்ப்பு இது. நோய் என்னவோ, இயங்குதளம் நிறுவுகையில் பாதியில் நின்றுபோனது என்பது மட்டுமே. அப்போது திரையில் வந்த இரண்டு வரியை மாணவரும் வாசிக்கவில்லை, தீர்ப்பு வழங்கியவரும் வாசிக்கவில்லை. இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், டெல்டாவின் கூரை வீடுகளுக்குள்ளும் கணினியைக் கொண்டுசேர்த்தது. விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது; விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி நிறுவ டிபிஎம் 2.0 வேண்டும், பழைய செயலிகளுக்கு அங்கே இடமில்லை. எனவே லினக்ஸைத் தேடுகிறார் மாணவர். நிறுவல் தோற்கிறது. கணினி பரணுக்கு ஏறுகிறது. நடவுக் கூலியில் குடும்பம் நடத்தும் தாய், மகளின் ஆய்வேட்டுக்காக அடுத்த கணினிக்குக் கடன் தேடுகிறார். வாசிக்கப்படாத இரண்டு வரிக்கு அக்குடும்பம் செலுத்தும் தண்டம் அது.

தமிழ் பயின்றோர்க்கு இதில் என்ன வேலை என்பர் சிலர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கினார் என்று வகுப்பில் நடத்துகிறோமே, அதே வேலைதான். தரவிறக்கிய நிறுவல் கோப்பும் ஒரு படி. இணைப்பு அறுந்தறுந்து வந்த படியில் ஏடு குறைந்திருக்கலாம். அதைக் கண்டறியவே வெளியிடுவோர் எஸ்எச்ஏ-256 என்னும் சரிபார்ப்புத் தொகையை உடன் தருகின்றனர். நம் கோப்புக்கும் அத்தொகையைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் படி பழுது. மீண்டும் இறக்குக. தொகை பொருந்தியும் நிறுவல் நின்றால் பென் டிரைவை மாற்றி எழுதுக.

ஏனைய காரணங்களும் மறைபொருள் அல்ல. நிறுவி முடித்தபின் கணினி எழவில்லையெனில், பென் டிரைவ் பழைய பயாஸ் முறையிலும் கணினி யூஇஎஃப்ஐ முறையிலும் தொடங்கியிருக்கலாம். இரண்டையும் ஒரே முறையில் அமைக்க வேண்டும். வட்டே கண்ணுக்குத் தெரியவில்லையெனில், பயாஸில் சேமிப்பக அமைப்பு ரெய்டு என்றிருக்கும். ஏஎச்சிஐ என மாற்றினால் தெரியக்கூடும். ஆனால் பழைய விண்டோஸையும் காக்க விரும்புவோர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாகாது, அது எழாமற் போகும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். ஆண்டு தவறாகக் காட்டினால் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருக்கும். நாள் பிழைத்தால் இணையத்தின் பாதுகாப்புச் சான்றுகளும் செல்லாமற் போகும். 32 பிட் செயலியுடைய கணினியில் டெபியன் 13ஐ நிறுவ முனைவது வீண். 2025 ஆகஸ்டில் வந்த அப்பதிப்பில் அவற்றுக்கு நிறுவியே கிடையாது. இவை யாவற்றுக்கும் முன்னே, ஆய்வேட்டை வேறோரிடத்தில் படியெடுத்துவிட வேண்டும். 'வட்டு முழுவதையும் அழி' என்பதை அழுத்தியபின் அழுது பயனில்லை.

இவற்றுள் எது தமிழில் சொல்ல முடியாதது? டெபியனின் நிறுவி தமிழிலும் கேள்வி கேட்கும். தன்னார்வலர் உழைப்பு அது. ஆனால் நிறுவலுக்கு முன்னும் பின்னும் கணினி உமிழும் பிழைச்செய்திகள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்கு உரை எழுதுவார் யார்? தமிழ்த்துறைகள் கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகள் நடத்துகின்றன. பயாஸுக்கு நான்கு சொல் படைக்கப்படுகிறது, சான்றிதழ் வழங்கப்படுகிறது, மதிய உணவுடன் அவை கலைகிறது. அந்த நான்கு சொல்லால் எந்தப் பரணிலிருந்து எந்தக் கணினி இறங்கிற்று? சொல்லைப் படைத்துவிட்டு, அதைக்கொண்டு ஒரு பக்கம் செய்முறை எழுத மறுப்பதைத் தமிழ்த்தொண்டு என நாம் கொள்வதற்கில்லை.

"பொறி நமதன்று, நமக்கேன்?" என்போர் கடற்கரையோரமாகத் தரங்கம்பாடி வரை சென்றுவரலாம். சீகன்பால்கு காலத்தில் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் அங்கே வந்தன. அவை பருத்திருந்தன, தாளை விழுங்கின. பொறி போயிற்று என்று எவரும் கைகழுவவில்லை. சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. அயலிலிருந்து வந்த கருவி நம் மண்ணுக்குப் பொருந்தாதபோது பொருத்திக்கொண்ட கரை இது.

ஆகவே தமிழ்த்துறைகளிடம் நாம் கேட்பது ஒன்றே. அடுத்த கருத்தரங்கின் ஓர் அமர்வைக் குறைத்து, மாணவர் வீட்டுப் பரணிலிருக்கும் மடிக்கணினிகளைத் துறைக்கு வரவழையுங்கள். நிறுவல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரையில் வரும் வரியை எழுதி, அதன்கீழ் பொருளும் பரிகாரமும் எளிய தமிழில் எழுதி, துறைச் சுவரில் ஒட்டுங்கள். பத்து வரிக்கு உரை எழுதினால் போதும், கடைவாசல் தீர்ப்புகள் பாதி பொய்த்துப்போகும். சங்கப் பாடலுக்கு உரைகூறும் அறிவுக்கு இது எட்டாததன்று. மனம் உண்டா என்பதே கேள்வி.